வாய் திறக்காத பதினொரு நாட்கள்

கொரோனா ஊரடங்கின்போது பன்வில மலையில் ஒரு சுற்றுலா விடுதிக்கு நான் காவலாளி. மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட, சிக்னல் கிடைக்காத அந்த இடத்தில் நான் மட்டும் இருந்தேன். யாரோ விட்டுப்போன தடித்த நாவல் ஒன்றை எடுத்துப் படித்தேன். ஐந்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் விரல் வைத்து எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்தது. தொற்றுநோயில் உலகமே அழிந்தபின் தனியாக மிஞ்சிய ஒருவனின் கதை அது. பேச்சு மறந்துவிடுமோ என்று பயந்து, அவன் தினமும் மரங்களோடு சத்தமாகப் பேசுவான்.

அதைப் படித்தபோதுதான் நான் வாய் திறந்து பதினொரு நாள் ஆனது உறைத்தது. என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. பயம் பிடித்துக்கொண்டது.

சுற்றியிருக்கும் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் மலைக்கு மலை கூவித்தான் பேசுவார்கள். கூச்சத்தால் நான் ஒருநாளும் கூவியதில்லை. அன்று தேயிலைச் சரிவின் விளிம்புக்குப் போய், "ஓ... ஹோ..." என்றேன். இரண்டாம் முறைதான் குரல் எழும்பியது.

பள்ளத்துக்கு அப்பால், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து ஒரு பெண் பதில் கூவினார்.

"யாரு, காவக்கார அண்ணனா? ஊமைன்னுல்ல நெனச்சோம்."

"நான்தாங்க."

"காலையில ஒங்க அடுப்புல பொக வந்தாத்தான் எங்களுக்குத் தேத்தண்ணி எறங்குது. நேத்து ஏன் அவ்வளவு நேரமாச்சு?"

முகம் தெரியாத யாரோ தினமும் என்னைத் தேடியிருக்கிறார்கள். அந்த மலையைப் பார்த்துக் கைகூப்பினேன்.