பள்ளி ஸ்பீக்கரில் கேட்ட என் சத்தம்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சத்தைக் கேட்டு நீங்கள் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துவிடுவீர்கள். முந்தல் பக்கம் எங்கள் வெள்ளத் தடுப்பு அணைக்கட்டின் கதவுக்குப் பொறுப்பு நான்தான். கட்டில் நீர்மட்டம் காட்டும் பலகை ஒன்று இருக்கிறது. எழுத்தெல்லாம் அழிந்துபோனதால் அதைக் கழற்றி வந்து, வெள்ளை அடித்து, சிவப்பில் ஒன்று தொடக்கம் பத்து வரை எழுதினேன். கல்யாணப் பந்தலில் தொங்கவிடலாம், அவ்வளவு வடிவு. கட்டின் மேலே போகிறவர்கள் குனியாமலே என் கையெழுத்தைப் பார்க்கட்டும் என்று பழைய இடத்திலிருந்து ஓரடி உயர்த்தி ஆணி அடித்தேன். உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும், தண்ணீர் எட்டடி நின்றால் என் பலகை ஏழு என்று சொல்லும். எனக்கு விளங்க ஒரு மழைக்காலம் பிடித்தது.

கண்ணுக்குத் தெரியாத ஜின் இருக்கிறது என்று குர்ஆனில் ஓதியவன்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு எங்கள் ஊரில் ஒரு வேலை இருக்கும் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. தொண்ணூறில் யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு மூட்டையோடு வந்த எங்களுக்குக் கிடைத்தது கட்டுக்குக் கீழே இருந்த பள்ளக் காணி. யுத்தம் முடிந்ததும் பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். நான் மட்டும், கதவை யாரிடம் விட்டுப் போவது என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். உண்மையில் சாமான் கட்டச் சோம்பல்.

வேலை என்னவென்றால், எட்டடி வரை தண்ணீரை மறிக்க வேண்டும், விட்டால் கோடையில் தோட்டக் கிணறுகள் உப்புக் கரிக்கும். எட்டைத் தாண்டினால் திறக்க வேண்டும், விட்டால் கட்டு உடைந்து எங்கள் வீடுகள் போகும். திறக்கும் முன் பள்ளிவாசல் ஸ்பீக்கரில் அறிவிக்க வேண்டும், ஏனென்றால் மழை என்றால் கதவுக்குக் கீழே வாய்க்காலில் பாதி ஊர் இறால் வலையோடு நிற்கும். நானும் ஒரு பகிடி விடாமல் சும்மா அறிவிப்பேனா? "மாடுகளும் மாப்பிள்ளைமாரும் வெளிய வாங்க, மாடுகளுக்கு முதலிடம்" என்பேன். பள்ளி நிர்வாகம் இரண்டு தரம் எச்சரித்துவிட்டது.

அன்றைக்கு நாலாம் நாள் மழை, விடியவே கரண்ட் போய்விட்டது. மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் பலகையைப் பார்த்தேன், ஏழு. இன்னும் ஓரடி கிடக்கிறது என்று வீட்டுக்கு வந்து நல்ல ஒரு தூக்கம் போட்டேன். பின்னேர அஸர் தொழுகைக்கு முன் எழும்பிப் பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பள்ளி ஸ்பீக்கர் பேசியது.

"அஸ்ஸலாமு அலைக்கும். அணைக்கதவு திறக்கப் போகுது. வாய்க்காலுக்குள்ள நிக்கிற எல்லாரும் உடனே மேல ஏறுங்க."

மூன்று தரம். நம்பினால் நம்புங்கள், அது என் சத்தம், மூக்கடைப்பு உட்பட. என் மனைவி பரீனா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"நீங்க இஞ்சதானே இருக்கிறீங்க?"

"ஓம், இருக்கிறன்," என்றேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் சந்தேகம்.

எவனோ என்னைப்போல் பேசி விளையாடுகிறான், பிடித்துக் காதைத் திருகுவோம் என்று பள்ளிக்கு ஓடினேன். பாங்கு சொல்லும் மோதினார் நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பதற்கும் தொழுகைக்குப்போல் கைகால் கழுவி ஒளு எடுக்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர் அவர்.

"என்ன ஜவுபர், திரும்பவும்?"

"இப்ப ஆரு பேசினது?"

"சேத்துக் காலோட வந்து மைக்கை எடுத்திட்டு, ஆரெண்டு என்னட்டக் கேக்குறீங்களா? பகிடிய உடுங்க. துடைக்கிறவன் நான்."

வாசல் தொடக்கம் மைக் வரை ஈரக் கால் தடம். நான் ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. கரண்ட்தான் இல்லையே. பெட்டிக்குரிய பேட்டரியையும் முதல்நாள் சார்ஜ் பண்ண முந்தலுக்கு அனுப்பியது நானேதான். மோதினாரும் பெட்டியைப் பார்த்தார். துணி பிடித்த கை அப்படியே நின்றது.

கட்டுக்கு ஓடினேன். வாய்க்காலிலிருந்து சனம் ஏறிக்கொண்டிருந்தது. பரீனாவின் தம்பி ரிஸ்வி வலையைத் தோளில் போட்டபடி கத்தினான்: "மச்சான், இறால் வாற நேரம் பாத்தா உங்களுக்குக் கதவு ஞாபகம் வரும்?"

என் வடிவான பலகை எட்டுக்கும் கீழே காட்டியது. தண்ணீரோ கட்டின் முதுகுக்கு ஒரு சாண் கீழே நின்றது, ஓர் இடத்தில் மண் கரைந்து வழியத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் அந்த ஓரடி என் மண்டைக்குள் ஏறியது. இனிப் பள்ளிக்குப் போய் அறிவிக்க நேரமுமில்லை, ஸ்பீக்கருக்குக் கரண்டுமில்லை. யாராவது கீழே நின்றிருந்தால் கட்டைக் காப்பதா, அவர்களைக் காப்பதா என்று நான் தீர்மானிக்க வேண்டி வந்திருக்கும். ரிஸ்வியைப் பிடித்து இழுத்து இரண்டு பேருமாகச் சக்கரத்தைத் திருகினோம். தண்ணீர் பாய்ந்த பாய்ச்சலில், சற்று முன் அவன் நின்ற இடத்திலிருந்த வலைக் கம்புகள் ஒன்றும் மிஞ்சவில்லை. அவன் அதைப் பார்த்தான், பிறகு இறாலைப் பற்றிப் பேசவேயில்லை.

கட்டு நின்றது. ஓர் அடுப்புகூட நனையவில்லை. இப்போதும் அந்தக் கட்டில் நடந்தால் என் நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னால் போகும், மறைக்க மாட்டேன். பள்ளி முற்றத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அங்கேயே எழும்பி உண்மையைச் சொன்னேன், பலகையைப் பிழையாக அடித்தது நான், அறிவித்தது நானில்லை என்று. முதலாவதை உடனே நம்பினார்கள். இரண்டாவதற்கு முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் வீட்டிலிருந்ததற்கு ஒரே சாட்சி பரீனா, அவளும் அந்தச் சிரிப்புக்குப் பயந்து பெண்கள் பக்கத்தில் தலை குனிந்துகொண்டிருந்தாள். ஆயுள் முழுக்கப் பகிடி விட்டவனுக்கு வேறென்ன கிடைக்கும்?

பலகையை ஓரடி இறக்கி, நூல் பிடித்து, மூன்று தரம் அளந்து அடித்துவிட்டேன். போன கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் மோதினாரும் நானும் மட்டும் இருந்தோம். எனக்கு மனசு கேட்கவில்லை.

"வல்லாஹி, சத்தியமா, அண்டைக்கு வந்தது நானில்ல. நீங்களாவது நம்புறீங்களா?"

பாயைச் சுருட்டியபடி, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நம்புறன், வந்தவர் மைக்கில ஒரு பகிடியும் உடயில்லயே."