தறிக்குழியில் இறங்கிப் பார்த்தவர்

நெய்துகொண்டிருந்தபோதுதான் சாவுச் செய்தி வந்தது. என் கணவர் முருகேசன் தறிக்கூடத்து வாசலில் வந்து நின்று, "இன்ஜினியர் சாரு பூட்டாராம்" என்றார். தறிக்கு அடியில் மிதிப்பதற்காகத் தோண்டிய குழியிலிருந்து காலைத் தூக்கி மேலே வைத்தேன். இந்த அறை இன்று நிற்பதற்கே அவர்தான் காரணம்.

இன்ஜினியர் ஆரோக்கியசாமி சாரைத் தெரியாதவர்கள் ஆரணியில் குறைவு. தேசூரில் பிறந்தவர். வீடு கட்டப் போகிறவர்களைவிட, கட்டிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். வந்தவாசியிலிருந்தும் தேவிகாபுரத்திலிருந்தும்கூட வந்து அழைத்துப் போவார்கள். அவர் அடக்கமான மனிதர் என்று இந்நேரம் யாராவது எழுதியிருப்பார்கள், நம்பாதீர்கள். தெருமுனையில் பேசினால் எங்கள் அடுப்படியில் கேட்கும். தான் சொன்னது பலித்துவிட்டால் அதை நாலு பேரிடம் சொல்லாமல் தூங்கமாட்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்ததே அதுதான்.

வீட்டின் பின்பக்கம் தறிக்கென்று ஓர் அறை சேர்த்துக் கட்டியிருந்தோம். மாடி எழுப்பப் போவதில்லை, மேலே ஓடுதானே, இதற்கு எதற்குக் கடக்கால் தோண்டி அஸ்திவாரம் போடுவது என்றார் மேஸ்திரி. எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மேல்மண்ணைச் சுரண்டி, ஒரு வரிசை கல் வைத்து, அதன்மேல் சுவரை எழுப்பிவிட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் பழைய வீட்டுக்கும் புது அறைக்கும் நடுவே விரிசல் விட்டது. சிமெண்ட் வைத்து அடைத்தோம். மறுபடி பிளந்து விரல் நுழையும் அளவுக்கு ஆனது. பக்கத்து வீட்டு போர்வெல் செய்த வேலை என்றார் ஒருவர். வாஸ்து சரியில்லை என்றார் இன்னொருவர். இடித்துவிடச் சொன்னார் என் கணவரின் அண்ணன். இடித்தால் தறி போகும். சொந்தத் தறி போனால் நாங்கள் இருவரும் அடுத்தவர் வீட்டுத் தறியில் போய் உட்கார வேண்டும்.

கடைசியில் என் கணவர் போய் சாரை அழைத்து வந்தார். சார் வந்தவுடன் விரிசலைப் பார்க்கவில்லை. பேண்ட்டை மடித்துவிட்டு நேராகத் தறியில் போய் உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டார். கேட்காமல் வேற்று ஆள் தறியில் உட்காருவது எங்களுக்குப் பிடிக்காது. என் முகம் மாறியதைப் பார்த்தும் பார்க்காதவர்போல, குழிக்குள்ளேயே இறங்கி, சுவர்ப்பக்கத்து மண்ணைக் கையால் சுரண்டினார். ஈரமண் பொலபொலவென்று உதிர்ந்தது. நெசவுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் ஜன்னல் சுவரை ஒட்டியே குழி தோண்டுவது எங்கள் வழக்கம். ஆழமாகக் கடக்கால் போட்ட பழைய வீடுகளில் அதனால் ஒன்றும் ஆனதில்லை. எங்கள் புது அறையிலோ சுவரின் அடியைவிடக் குழி ஆழமாக இருந்தது.

"சுவருக்குத் தோண்டாத பள்ளத்த உங்க காலுக்குத் தோண்டி வெச்சிருக்கீங்கம்மா. சுவரு அதுக்குள்ள எறங்கி வந்துகினு இருக்குது" என்றார்.

இடிக்க வேண்டுமா என்று கேட்டேன். "இடிக்கிறதுக்கு என்னாத்துக்கு இன்ஜினியரு? கடப்பாரை போதும்" என்றார். அன்று இரவுதான் நான் ஒழுங்காகத் தூங்கினேன்.

சாரின் திட்டம் இதுதான்: கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, சுவருக்கு அடியில் கொஞ்சம் தோண்டி, கெட்டி மண் வரை போய் கான்கிரீட் போடுவது. அது இறுகியபின், இடம் விட்டு இன்னொரு பக்கம் தோண்டுவது. கடைசியில் நடுவில் விட்டதையும் நிரப்புவது. மேஸ்திரிகளிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் சார் கத்திக்கொண்டிருந்தார். தறியில் முடியப்போகும் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை ஒரு பக்கமிருந்து இழை இழையாகப் பிணைத்து வருவோமே, ஒரேயடியாக அறுக்காமல், அதுபோலவா என்று நான் கேட்டேன். "அதேதாம்மா" என்றார். அதன்பிறகு அந்த உதாரணத்தை ஊர் முழுக்கத் தன்னுடையதாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒருநாள் கேட்டே விட்டேன். "நீங்க எனக்கு மட்டும் சொன்னீங்க. நான் ஊருக்கே சொல்லிகினு இருக்கேன். யாரு பெரியவங்க?" என்று சிரித்தார்.

அப்போது தறியில் ஒரு கல்யாணப் புடவை பாதியில் நின்றது. வேலை முடியும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்றார் சார். பட்டுக்கடை முதலாளியோ ஜல்தி ஜல்தி என்று ஆளனுப்பிக்கொண்டிருந்தார். சார் கடைக்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சுவர் விழுந்தால் புடவையும் கிடைக்காது, நெய்கிறவளும் கிடைக்கமாட்டாள் என்று வாடிக்கையாளர்கள் முன்னிலையில் அவர் சொன்னதாகக் கேள்வி. முதலாளி அந்தக் கல்யாணத்துக்கு வேறொரு தறியில் ஏற்பாடு செய்தார்.

வேலை முடிந்து, குழியை அறையின் நடுவுக்கு மாற்றி, விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினார் சார். சுவர் அசைந்தால் அது உடையும். "ஒடனே பூசாதீங்க. ஒரு மழ தாண்டட்டும்." மழை வந்தபோது குடையோடு அவரும் வந்தார். கண்ணாடி முழுசாக இருந்தது. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். விரிசலைப் பூசிவிட்டோம்; கண்ணாடியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் முதல் மழைக்கு அவர் குடை எங்கள் வாசலில் சொட்டும். டீ குடித்துவிட்டுப் போவார்.

அடக்கத்துக்குப் போயிருந்தோம். எல்லோரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க, என் கண் குழிக்குப் போனது. பக்கத்துக் கல்லறையை ஒட்டித் தோண்டிவிட்டார்களோ என்று எட்டிப் பார்த்தேன். அழவேண்டிய நேரத்தில் இது என்ன புத்தி என்று என்மீதே கோபம் வந்தது. அருகில் மண்வெட்டியோடு நின்றவர், சாரிடம் வேலை செய்த மேஸ்திரி, கவனித்துவிட்டார். "தள்ளித்தாம்மா தோண்டியிருக்கோம். இல்லன்னா சாரு எழுந்து வந்துடுவாரு" என்று மெதுவாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

எதைப் பார்த்தாலும் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று தேடும் அந்தப் புத்தியும், ஒரு கண்ணாடித் துண்டும்தான் அவருடையதாக என்னிடம் இருப்பவை. நேற்று இந்த வருடத்தின் முதல் மழை பெய்தது. வாசலில் குடை வரவில்லை. தறியிலிருந்து எழுந்து நானே போய்ப் பார்த்தேன், சார். உடையவில்லை.