டோரீன் சொன்ன பக்கம்

நெவில் ப்ரூக்ஸ்பி, பிறப்பு 9 மார்ச் 1943, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரம். காலுறை ஆலையில் இயந்திரப் பழுது பார்ப்பவராக முப்பத்தெட்டு ஆண்டுகள் பணி. மனைவி டோரீன், பிறப்பு 1945, தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். திருமணம் 26 ஆகஸ்ட் 1967. ஒரே மகள் ஹிலரி. ஆண்டுதோறும் ஜூன் மாதம் கணவனும் மனைவியும் காரில் நாட்டுப்புறம் பார்க்கப் புறப்படுவது வழக்கம். இங்கே பதிவாகும் பயணம் டெவன் மாவட்டத்தில், 11 ஜூன் 2019, செவ்வாய்க்கிழமை நிகழ்ந்தது.

அவர்களிடையே ஒரு சட்டம் இருந்தது. தேனிலவுக்குப் போன வழியில், எந்தப் பக்கம் திரும்புவது என்று இருவரும் சண்டை போட்டு, ஒரு பகல் முழுக்கப் பேசாமல் இருந்ததன் விளைவு அது. வரைபடம் யார் மடியில் இருக்கிறதோ அவர் சொல்வதே முடிவு; ஓட்டுபவர் மறுத்துப் பேசக் கூடாது. டோரீன் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. ஆகவே வரைபடம் எப்போதும் அவர் மடியில்தான் இருந்தது.

கடந்த இரண்டு ஆண்டுகளாக டோரீனுக்கு நினைவு தடுமாறியது. அடுப்பை அணைக்க மறந்தார். மார்ச் மாதத்தில் வீட்டுக்கு வழி தெரியாமல் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் ஹிலரி இடம் கேட்டு வைத்தாள். நெவில் சம்மதிக்கவில்லை.

"உங்கம்மா இன்னும் வரைபடம் பார்த்து வழி சொல்றா. அது உன்னால முடியுமா?" என்றார் மகளிடம்.

"சரிப்பா. இந்த ஒரு தடவை போயிட்டு ஒழுங்கா வந்து சேருங்க. அதுக்கப்புறம் நான் வாயே திறக்கல."

செவ்வாய் காலை பத்து மணிக்கு விடுதியை விட்டுக் கிளம்பினார்கள். இருபுறமும் ஆளுயர மண்கரை, கரைமேல் செடிவேலி, நடுவே ஒரு வண்டி மட்டும் போகும் பாதை. முதல் சந்திப்பிலேயே வரைபடம் தலைகீழாக இருப்பதை நெவில் கவனித்தார்.

"இடது பக்கம்," என்றார் டோரீன்.

வழிகாட்டிக் கம்பம் அவர்கள் போகவேண்டிய ஊரை வலது பக்கம் காட்டியது. நெவில் இடது பக்கம் திரும்பினார்.

பகல் ஒரு மணிக்குள் ஒரே சிற்றூரை மூன்று முறை கடந்தார்கள். தோட்டக் கதவுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த ஒருவர் மூன்றாம் முறை தூரிகையை உயர்த்தினார்.

"மறுபடியுமா! எங்க ஊரு அவ்வளவு பிடிச்சுப் போச்சா?"

"கதவு காய்ஞ்சிருச்சான்னு பார்க்க வந்தோம்," என்றார் நெவில். டோரீன் சிரித்தார்.

இரண்டு மணியளவில், வளைவு ஒன்றில் எதிரே பால் லாரி வந்து நின்றது. பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இளைஞன், கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான்.

"தாத்தா, பின்னால போறது நீங்களா, நானா? எனக்குப் பின்னாடி பன்னிரண்டாயிரம் லிட்டர் பால் கிடக்கு."

"அவ்வளவுக்கும் டீ போடணும்னா நாளைக்கு ஆயிடுமே," என்றார் டோரீன்.

"நீங்க டீத்தூள் கொண்டு வாங்க பாட்டி, நான் இங்கயே நிக்கிறேன்."

எதிர்வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் இடம் இருநூறு கஜம் பின்னால் இருந்தது. நெவில் பின்னோக்கி ஓட்டினார். டோரீன் உடம்பைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தபடி, "இடது, இன்னும் இடது, பயப்படாத, இடம் இருக்கு," என்றார். அந்தப் பக்கம் சாக்கடைப் பள்ளம் இருப்பது நெவிலுக்குக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. சக்கரத்தை இடது பக்கமே திருப்பினார். பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. கார் ஒருபக்கம் சாய்ந்து நின்றது.

இளைஞன் இறங்கி வந்து, கயிறு கட்டி, லாரியால் காரை இழுத்துப் பாதையில் ஏற்றினான்.

"எவ்வளவு பெரிய பள்ளம்! கண்ணாடியைப் பார்க்கவே இல்லையா தாத்தா?"

"பார்த்தேனே," என்றார் நெவில்.

அந்தச் சொல் டோரீனின் காதில் விழுந்தது. காருக்குள் மீண்டும் உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"பள்ளம் தெரிஞ்சுமா திருப்பின?"

"நீ சொன்ன இல்ல?"

"காலையில இருந்தும் அப்படித்தானா?"

டோரீன் வரைபடத்தை மடித்தார். மடிப்பு சரியாக விழவில்லை. அப்படியே பின்னிருக்கையில் போட்டார்.

"ஹிலரிக்குப் போன் போடு."

"சாயங்காலம் பேசிக்கலாம் கண்ணு."

"வேண்டாம், இப்பவே. இல்லத்துக்குப் போக ஒத்துக்கறேன்னு நானே சொல்றேன். இப்ப எனக்குப் புரியுது, நெவில். சாயங்காலம் புரியுமோ என்னவோ."

பள்ளத்தாக்கில் தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. நெவில் மேட்டை நோக்கி ஓட்டினார். வழியில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே நின்றது. ஒலிப்பான் அடித்தும் அசையவில்லை. மேட்டின் உச்சியை அடைய இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அங்கிருந்து கடல் தெரிந்தது. தொடர்பு கிடைத்தது, மணி ஒலித்தது. நெவில் தொலைபேசியை மனைவியிடம் நீட்டினார்.

டோரீன் அதை வாங்கிக்கொள்ளாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குப் போன் பண்ற?"

"ஹிலரிக்கு."

"ஐயோ, அவளை எதுக்குத் தொந்தரவு பண்ற? வேலையில இருப்பா. நாம நல்லா இருக்கோம்னு மட்டும் சொல்லு."

"அப்பா?" என்றது மறுமுனை. "அப்பா, கேக்குதா? எங்க இருக்கீங்க?"

நெவில் காரை விட்டு இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, வேலியோரமாக நின்று பேசினார். ஆறு நிமிடம் பேசினார். காருக்குள்ளிருந்து டோரீன், வேலிக்கு அப்பால் மேய்ந்த மாடுகளைக் காட்டி, சீக்கிரம் வா என்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஜூலை முதல் தேதி டோரீன் இல்லத்தில் சேர்ந்தார். நெவில் ஒவ்வொரு நாளும் மதியம் இரண்டு மணிக்கு அங்கே போகிறார். வீட்டிலிருந்து தூரம் மூன்றரை மைல்.