காதுப்பூச்சியும் வயரு மாப்ளையும்

போன வாரம் என் மகள் ஒரு இயர்போனைக் குப்பைக்கூடையில் போட்டாள். "ஒரு பக்கம் கேக்கலம்மா, வயர் போயிடுச்சு, விடு" என்றாள். அவளுக்கு இப்போது வயரே இல்லாத ஜாதி வந்துவிட்டது. சின்ன டப்பிக்குள் ரெண்டு மொச்சைக்கொட்டை மாதிரி கிடக்கிறது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தேனா? கூடையில் கையை விட்டு, வாழைப்பழத் தோலை ஒதுக்கி அதை வெளியே எடுத்து, செருகுகிற பின்னுக்குள் வயர் நுழைகிற இடத்தைத் தடவிப் பார்த்தேன். அங்கேதான் அறுந்திருந்தது. எப்போதும் அங்கேதான் அறும். நான் அதைக் கழுத்து என்பேன். கழுத்தைக் காப்பாற்றத் தெரியாதவள் கையில் எது நிலைக்கும், சொல்லுங்கள்.

அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எங்கள் அக்கா வீட்டுக்காரர் ஞாபகம் வந்துவிட்டது. வயிறு எரிந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

எங்கள் குப்பம் பழவேற்காட்டுக்கு எதிர்க்கரையில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. வெளியூர் போவதென்றால் படகில் வந்து பஜாரில் இறங்கி, பொன்னேரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அண்ணனுக்கு மெட்ராஸ் ஹார்பரில் வேலை. எழுபதுகளின் கடைசியில், நான் பாவாடை தாவணிக்கு மாறிய வருஷம், அவன் கையடக்கமான டிரான்சிஸ்டர் ஒன்று கொண்டுவந்தான். கூடவே ஒற்றைக் காதுக்கு ஒரு இயர்போன். அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி. வீட்டில் பாத்திரம் உருண்டாலே "யாருடி அவ, என்ன சாவடிக்கறது?" என்பாள். ரேடியோ சத்தமாகப் பாடவே கூடாது. ஆகவே அந்த இயர்போன் இருந்தால்தான் ரேடியோ, இல்லாவிட்டால் அது ஒரு செங்கல். அம்மா அதற்குக் காதுப்பூச்சி என்று பெயர் வைத்தாள்.

காதுப்பூச்சிக்கு நான் செய்த சேவையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. கடல் காற்றில் பின் பச்சை பூத்துவிடும் என்று நைனாவின் பழைய வேட்டித் துணியால் தினமும் துடைப்பேன். வயர் பிசுபிசுக்காமல் இருக்க முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தடவுவேன். முகத்துக்குப் போடாமல் வயருக்குப் போட்டதால்தான் நான் இந்த நிறம் என்று அக்கா கேலி செய்வாள். இறுக்கிச் சுற்ற மாட்டேன், தூண்டில் கயிற்றைத் தட்டில் அடுக்குவதுபோல லூஸாக வளையம் போட்டு, காலிப் பவுடர் டப்பாவுக்குள் வைப்பேன். கழுத்தில் மட்டும் பச்சை நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றி முடிந்திருந்தேன். கழற்றும்போது பின்னைப் பிடித்துத்தான் இழுப்பேன், வயரைத் தொட மாட்டேன்.

இந்தப் பாடெல்லாம் எதற்கு? ஒரு நாடகத்துக்காக. ஞாயிறு மத்தியானம் ரேடியோவில் தொடராக வரும். கப்பலுக்குப் போன ஒருவன் திரும்பி வருகிறான். அவன் பெண்டாட்டி வேறொருவனைக் கட்டிக்கொண்டுவிட்டாள். வந்தவன் கையில் கத்தி. அவன் கதவைத் தட்டுகிறான், முந்தின ஞாயிறு அதோடு நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறு கடைசிப் பகுதி. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அதனால் மாமா வாராவாரம் சனிக்கிழமை பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்துவிடுவார். வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. அவர் வந்தால் மடவை மீன் சினை அவருக்கு, நண்டில் பெரிய கால் அவருக்கு, காதுப்பூச்சியும் அவருக்கு. "குடுடி, மாமா கேக்கறாரு இல்ல?" என்பாள் அம்மா. குடுத்தேன். அந்த மனுஷன் வயரைப் பிடித்து இழுப்பார். அதன்மேல் படுத்துத் தூங்குவார். பின்னைப் பிடுங்காமலே ரேடியோவைச் சுற்றி இறுக்கி, ஆணியில் தொங்கவிடுவார். நான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் சரிசெய்வேன். பார்த்துவிட்டுப் பல்லைக் காட்டுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனும் வந்தான். டப்பாவைத் திறந்து, காதுப்பூச்சியை ரேடியோவில் செருகிக் காதில் வைத்துப் பார்த்தான். ஒரு சத்தமும் இல்லை. "இன்னா பண்ணே இத?" என்றான் என்னைப் பார்த்து. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"எப்பவும் இவ கையிலதான் மச்சான் இருக்குது. பசங்க கைல இந்த மாதிரி சாமான குடுத்தா உருப்படுமா?"

அண்ணன் பளாரென்று ஒன்று விட்டான். "இனிமே உனக்கு ரேடியோவே கெடையாது. இன்னிக்கே எடுத்துனு போறேன்."

அறை கூட வலிக்கவில்லை. மத்தியானம் அந்தக் கதவு திறக்கப்போகிறது, நான் அங்கே இருக்க மாட்டேன் என்பதுதான் வலித்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுப் பின்பக்கம் போய்க் குந்தி அழுதேன். அழுதுகொண்டே கழுத்தைத் தடவினேன். என் பச்சை நூலைக் காணோம். அதற்குப் பதில் வெள்ளை நூல். வயர் இரண்டாக அறுந்திருந்தது, இரண்டு முனையையும் ஒட்டவைத்து, கயிற்றைக் கட்டுவது போலக் கட்டியிருந்தது. உள்ளே செம்புக் கம்பி சேரவேண்டும் என்று அந்தப் பெரிய மனுஷனுக்குத் தெரியவில்லை. கயிறு அறுந்தால் கட்டினால் போதும், வயர் அறுந்தாலும் கட்டினால் போதும். அவ்வளவுதான் மூளை.

கட்டின நூலின் கடைசியைப் பார்த்தேன். என் அழுகை நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டு வலைக்கும் ஓர் அடையாளம் உண்டு. புயலில் வலை அடித்துக்கொண்டு போய் வேறு குப்பத்தில் ஒதுங்கினாலும், மூலையில் இருக்கிற முடிச்சைப் பார்த்து இது இன்னார் வீட்டு வலை என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். சின்ன வயதிலிருந்து கட்டிக் கட்டிக் கைக்குப் பழகிவிடும். எதைக் கட்டினாலும் கடைசியில் கை தானாக அந்த அடையாளத்தைப் போட்டுவிடும். இந்த வெள்ளை நூலின் முனையில் ரெண்டு முடிச்சு, கொஞ்சம் இடம், மறுபடி ரெண்டு முடிச்சு இருந்தன. எங்கள் வீட்டு அடையாளம் அதுவல்ல.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மாமா தட்டில் மடவைச் சினை முழுசாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து தேனாய்க் கேட்டேன்.

"மாமா, உங்க வூட்டு வலைக்கு இன்னா அடையாளம்?"

மனுஷனுக்கு ஒரே குஷி. "ரெண்டு முடிச்சு, நடுவுல எடம், அப்பறம் ரெண்டு. எங்க தாத்தா வெச்சது. சுண்ணாம்புக்குளத்துலேர்ந்து இங்க வரைக்கும் வேற ஒருத்தன் போடமாட்டான், தெரியுமா?"

"தெரியும் மாமா" என்று சொல்லி, காதுப்பூச்சியை அவர் தட்டில், சினைக்குப் பக்கத்தில் வைத்தேன். "உங்க வலை எங்க டப்பால ஒதுங்கிடுச்சு. எடுத்துக்குங்க."

நைனா குனிந்து நூலைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், தன் தட்டைப் பார்த்தார். அண்ணன் முகம் செத்துவிட்டது. மாமா மென்று விழுங்கினார். "இந்த மாதிரி முடிச்சு ஊர்ல எத்தினியோ பேரு போடுவான்" என்றார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வேறு ஒருத்தன் போடமாட்டான் என்ற அதே வாய்!

இரண்டாவது அறை அம்மாவிடமிருந்து விழுந்தது. "மாப்ளய கைநீட்டிப் பேசறியா? கய்தே!"

எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. சாயங்காலம் அண்ணன் ரேடியோவைப் பைக்குள் வைத்துக்கொண்டான். என் கண்ணைப் பார்க்காமல், "இங்க வுட்டுட்டுப் போனா மாமா பொய் சொன்னாருன்னு ஆயிடும்டி" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் படகேறினான். அந்த நாடகத்தில் கதவு திறந்ததும் அவன் குத்தினானா, மன்னித்தானா, எனக்கு இன்று வரை தெரியாது. நானாக இருந்தால் குத்தியிருப்பேன்.

நான் விடவில்லை. குப்பத்துப் பெண்களிடம் மூச்சுவிடாமல் கதையைச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை மாமா படகிலிருந்து இறங்கும்போதே பொடிசுகள் "வயரு மாப்ள வராரு டோய்!" என்று கத்தின. அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அவர் குழம்பில் மட்டும் ஒரு கை உப்பு கூடுதலாக விழும். பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அன்று அவர் செருப்பு ஒற்றையாகத்தான் கிடைத்தது. அக்கா என்னோடு வெகு நாள் பேசவில்லை. எனக்கு அதுவும் இனித்தது. ஆனால் இவ்வளவு செய்தும் எனக்கு வேண்டியது கிடைக்கவில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. "நான்தான்." அதை அவர் சொல்லவே இல்லை.

குப்பையிலிருந்து எடுத்த இயர்போனோடு போன ஞாயிறு மீஞ்சூருக்குப் போனேன். மாமா அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். தலை முழுக்க நரைத்து, ஒடுங்கிப்போய், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காது மந்தம் என்று மெஷின் வைத்திருக்கிறார்கள், அதுவும் காதுக்குள்ளேயே மறைந்துவிடுகிற சின்ன மெஷின். அக்கா காபி போட உள்ளே போனாள். நான் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, இயர்போனை அவர் மடியில் வைத்தேன். அவர் விரல் நேராகக் கழுத்துக்குப் போனது. அறுந்த இடத்தைத் தடவியது. சிரித்தாரா இல்லையா, தெரியவில்லை.

"இப்பவாச்சும் சொல்லு மாமா. நீதானே அறுத்தே?"

என்னை நன்றாகப் பார்த்தார். ஒரு விரலைக் காதுக்குக் கொண்டுபோய், மெஷினை வெளியே எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னா? ஒண்ணும் கேக்கலயே" என்றார்.

பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்து இழுக்கலாம் என்றால், பாழாய்ப்போனதில் ஒரு வயர்கூட இல்லை.