வேர்க்கடலைக் கொல்லையில் வந்த சமாதானம்

வேர்க்கடலை பிடுங்கும்போதுதான் அந்தக் காசு என் கைக்கு வந்தது. செடியை உலுக்கி மண்ணைத் தட்டினேன். காய்களோடு மஞ்சளாக ஏதோ விழுந்தது. முந்தானையில் துடைத்துப் பார்த்தால் பொன். ஒரு பக்கம் கழுத்து தடித்த ஆணின் தலை. மறு பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், கையில் இலையோடு ஒரு கிளை. ஓரத்தில் ஓட்டை. எந்தக் காலத்திலோ யாரோ ஒருத்தி கழுத்தில் கட்டியிருக்கிறாள்.

ஜெர்மன்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. என் வீட்டுக்காரர் என் அத்தை மகன். சிறு வயதிலிருந்தே அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான மறு வருஷமே பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய்விட்டார். இத்தாலியில் இருப்பதாகத் தகவல் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. உலையை வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடுவேன், கொல்லையிலிருந்து ரயிலடிக்கு. பட்டாளத்து உடுப்பில் யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்துவிட்டு அப்படியே மலையேறிவிடுவேன். சூரனோடு போரை முடித்துக் கோபம் தணிந்து முருகன் வந்து நின்ற மலை என்பார்கள். மேலே போய் நின்றாலும் என் கண் தண்டவாளத்தின் மேலேயே இருக்கும்.

காசைப் பார்த்ததும் அத்தை கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வள்ளியம்மா மாதிரி கீறா. கையில தழை பாரு. ஓட்டையும் போட்டே கீது, கழுத்துல கட்டிக்கம்மா."

கறுப்புக் கயிற்றில் கோத்து அவரே கட்டிவிட்டார்.

அத்தையின் கால் புண்ணுக்கு மருந்து கட்ட ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கிருந்த நர்ஸம்மா அதைக் கவனித்தார். கிறிஸ்தவப் பெண். காசை வெளிச்சத்தில் திருப்பி ஓரத்து எழுத்துகளைப் படித்தார்.

"இது இங்கிலீஷ் இல்லம்மா, லத்தீன். பாக்ஸ்னு போட்டிருக்குது. எங்க கோயில்ல சாமியார் பூசையில சொல்ற வார்த்தை. சமாதானம்னு அர்த்தம். ரோமாபுரி ராஜாங்க காசு இது. அப்போ அவங்க சமாதானத்தையே ஒரு அம்மனா கும்பிட்டாங்கன்னு படிச்சிருக்கறேன்."

"ரோமாபுரி எங்கீதுங்க?" என்று கேட்டார் அத்தை.

"இத்தாலிலதான்."

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். பாவா போன தேசத்திலிருந்து காசில் இருப்பவள் எங்கள் மண்ணுக்கு வந்திருக்கிறாள். அன்று முதல் என் விரல் அவளை விட்டு நகரவில்லை. 'நீ மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாயே, அவரை அனுப்பிவிட்டு உட்காரக் கூடாதா' என்று அவளோடு சண்டை போடுவேன்.

சண்டை ஓய்ந்து வெகு நாள் கழித்து, ஒரு மாசி மாதத்தில் பாவா வந்து சேர்ந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. அத்தை அழுதார், நான் அழவில்லை. இனி நானும் ஓரிடத்தில் உட்காரலாம் என்று நினைத்தேன்.

அவரால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவார். கொல்லையின் வரப்பைச் சுற்றிச் சுற்றி வருவார். காசின் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு மத்தியானம் கிணற்றடியில் என் எதிரே வந்து நின்றார்.

"அதைக் கழட்டி வைக்கிறியா?"

"ஏன் பாவா? இவ சமாதான அம்மன். இவளாலதான் நீங்க வந்தீங்க."

"அந்த ஊர்ல எங்க தோண்டினாலும் இந்த மாதிரி காசு கெடைக்கும்னு சொல்லிகினு இருப்பாங்க. நாங்களும் தோண்டினோம். குண்டு விழுந்து ஒரு தெருவே சரிஞ்சிட்டுது. மம்முட்டி பத்தாம கையால தோண்டினோம். வந்ததெல்லாம் ஆளுங்க. ஒரு பொம்பளை உட்கார்ந்த மாதிரியே இருந்தா."

அங்கேயே கயிற்றை அவிழ்த்தேன். கழுத்து லேசாகிக் கூச்சமாக இருந்தது.

மண்ணில் கிடைத்தது சர்க்காருக்குச் சேர வேண்டும் என்று ஊர் முன்சீப் வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் மாமனாரும் நானும் தாலுகா கச்சேரிக்குப் போனோம். குமாஸ்தா காசைப் புரட்டினார்.

"இந்தப் பொம்பளை யாரு?"

"சமாதானங்க."

அவர் என்னை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, காசைக் காகிதத்தில் மடித்து அரக்கு வைத்தார். மெட்ராசுக்குப் போகும் என்றார்.

பாவா பயிர் பக்கம் திரும்பவே இல்லை. திருப்பதிக்குப் போகும், பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் பஸ்ஸில் டிரைவராகச் சேர்ந்தார். ஓடிக்கொண்டிருந்தால் தேவலை என்பார். எனக்கு முதலில் வருத்தம்தான். பிறகு பஸ் நிற்கும் இடத்துக்குச் சொம்பில் மோர் எடுத்துப் போகப் பழகிக்கொண்டேன். வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்ப்பார், என் கையிலிருந்து சொம்பை வாங்கிக் குடிப்பார்.

"உப்பு கம்மி," என்பார் சில நாள்.

கரி எரியும் புகையை விட்டுக்கொண்டு பஸ் கிளம்பும்.