நாற்றுக்குள் நின்றவள்

என் மனைவியைச் சோம்பேறி என்று முதலில் சொன்னவன் நான்தான். மற்றவர்கள் எனக்குப் பிறகுதான் சொன்னார்கள்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, வேளாங்கண்ணியில் லாட்ஜ், பூம்புகாரில் கொஞ்ச நாள் மீன் ஏற்றும் வண்டி. எங்கேயும் ஆறு மாதம் தாண்டியதில்லை. அறுவடை மெஷின் வேலை மட்டும் நாலு வருடம் ஓடியது, அது ஊர் ஊராகப் போகும் என்பதால். பட்டினி கிடந்த நாட்கள் உண்டு. பஸ் ஸ்டாண்டில் படுத்த நாட்களும் உண்டு. அதையெல்லாம் நான் பெரிதாக நினைத்ததில்லை. கடைசியில் குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊருக்கே திரும்பி வந்து, நடவு ஆட்களுக்கு மேஸ்திரி ஆனேன். பன்னிரண்டு பெண்கள். அதில் ஒருத்தி என் மனைவி.

கல்யாணமான புதிதில் அவள் நட்டால் பக்கத்தில் நிற்பவர்களுக்கு மூச்சு வாங்கும். வாயும் அப்படித்தான். வரப்பில் போகிறவர்களை வம்புக்கு இழுக்காமல் விடமாட்டாள். நான் மெஷினோடு சுற்றிவிட்டுத் திரும்பியபோது அவள் வேறு ஒருத்தியாக இருந்தாள். முகம் உப்பியிருந்தது. குரல் ஆண்பிள்ளை குரல் போலக் கட்டியிருந்தது. விடிந்தும் எழ மாட்டாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள், அது பொங்கி வழியும். உச்சி வெயிலில் புடவை மேல் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வயலில் இறங்குவாள்.

"குளுருதுங்க" என்பாள்.

"வேலை செய்யாதவளுக்குக் குளிரத்தான் செய்யும்" என்பேன். ஆட்கள் சிரிப்பார்கள். மேஸ்திரி சொன்னால் சிரித்துத்தானே ஆக வேண்டும்.

எங்கள் பக்கம் நடவில் ஒரு விளையாட்டு உண்டு. நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே போவார்கள். புதிதாக வந்த பெண் பின்தங்கினால், இரண்டு பக்கமும் இருப்பவர்கள் அவளை முந்திப் போய், அவள் முதுகுக்குப் பின்னாலும் நட்டு அடைத்துவிடுவார்கள். நாற்றை மிதிக்காமல் வெளியே வர முடியாது. அவள் ஏதாவது கெஞ்சுவாள், இவர்கள் கேலி செய்வார்கள். பிறகு யாராவது நாலு நாற்றைப் பிடுங்கி வழி விடுவார்கள். அவ்வளவுதான். சின்னப் பெண்களுக்கு மட்டும் செய்வது.

அந்த ஐப்பசியில் இரண்டாம் போகத் தாளடி நடவு. மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று நிலத்துக்காரர் நெருக்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் பாதி வயல் போய்விட்டார்கள். அவள் மட்டும் கையில் கட்டிய நாற்று முடியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏ மேஸ்திரி, உன் பொண்டாட்டிக்கு ஒரு கட்டிலக் கொண்டாந்து போடேன்" என்றாள் ஒருத்தி.

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. "அவளை அடைச்சு நடுங்க" என்றேன்.

ஆட்களில் மூத்தவரான ஒரு அக்கா நிமிர்ந்து பார்த்தார். "வேணாம் தம்பி. இது வெளையாட்டுக்குப் பண்றது."

"நான் சொல்றேன்ல, நடுங்க."

நட்டார்கள். யாரும் கேலி செய்யவில்லை, அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு பாய் அளவு சேற்றில் அவள் நின்றாள். "கெஞ்சினாத்தான் வழி" என்றேன். அவள் கெஞ்சவில்லை. சாப்பாட்டு நேரம் வந்து எல்லாரும் கரையேறினோம். தூக்குவாளியைத் திறந்து நானும் சாப்பிட்டேன். அந்தச் சோற்றை அவள்தான் காலையில் ஆக்கியிருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த அக்காதான் இறங்கிப் போய் நாற்றைப் பிடுங்கி, அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். சேறு காயாத காலோடு அவள் பூம்புகார் பக்கத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

பத்து நாள் கழித்து அவள் அண்ணன் போன் செய்தார்.

"மாப்ள, தைராய்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸம்மா கழுத்தப் பாத்துட்டு ரத்தம் எடுத்தாங்க. ரொம்பக் கொறைச்சலா இருக்காம். இவ்ளோ நாள் என்ன பண்ணீங்கன்னு எங்களத் திட்டுறாங்க."

எங்களை என்றுதான் சொன்னார். உன்னை என்று சொல்லவில்லை.

மறுநாள் அவளோடு அந்தச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர்தான் பேசினார். கழுத்தில் பட்டாம்பூச்சி போல ஒரு சுரப்பி. அதில் ஊறுவது குறைந்தால் உடம்பு மட்டுமல்ல, ஆளே மந்தமாகிவிடுவார், மறதி வரும், அழுகை வரும், குளிர் தாங்காது. கூடினால் நேர் எதிர், கை நடுங்கும், கோபம் வரும், ஒரு இடத்தில் உட்கார முடியாது.

"உங்க வீட்டம்மா சோம்பேறி இல்லைங்க. அந்த ஒடம்ப வச்சுக்கிட்டு சேத்துல எறங்குனதே பெருசு" என்றார்.

மெஷினில் இழுவை குறைந்தால் டீசல் லைனைப் பார்ப்பேன், ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பேன். டிரைவரை யாரும் அடிப்பதில்லை. இரும்புக்குக் காட்டிய அந்தப் பொறுமையை இரண்டு வருடம் பக்கத்தில் படுத்தவளுக்கு நான் காட்டவில்லை.

டாக்டர் சொன்னதில் ஒன்றை மட்டும் மனது பிடித்துக்கொண்டது. கோபம், ஒரு இடத்தில் உட்கார முடியாமை. அது நான்தானே? எனக்கும் சுரப்பிக் கோளாறு என்றால் அன்று வயலில் நடந்ததற்கு ஒரு காரணம் கிடைக்கும். கும்பகோணத்தில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். கோளாறு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எல்லாம் சரியாக இருந்தது. அதே டாக்டரிடம் எடுத்துப் போய், "வேற சுரப்பி எதுவும் இருக்காங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"நிறைய இருக்குங்க. ஆனா எல்லாத்துக்கும் அதுங்க மேலயே பழி போட முடியாதுல்ல."

மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்தது. தை மாதம் நான் போனபோது அவள் முகம் வடிந்திருந்தது. குரல் திரும்பியிருந்தது. வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"என்ன, இன்னும் ஊரவிட்டு ஓடலையா?"

லேப் காகிதத்தை எதற்காகக் கொடுத்தேன் என்று இன்றும் தெரியவில்லை. அவள் பத்தாவது படித்தவள். வரி வரியாகப் படித்தாள். மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

"வீட்டுக்கு வாயேன்" என்றேன்.

"வர்றேன். எந்த வயல்ல அடைச்சீங்களோ அந்த வயல்லயே, அந்த ஆளுங்க முன்னாடியே, என்ன விஷயம்னு நீங்க சொல்லணும். சொன்னதுக்கு அப்புறம் வீட்டுக்கு வர்றேன். அதுவரைக்கும் இங்கதான்."

மறு வருடம் குறுவை நடவுக்கு அவள் பஸ்ஸில் வந்து நேராக வயலுக்கே வந்தாள். ஒரே ஒரு சட்டைதான் போட்டிருந்தாள். வரிசையில் தன் இடத்தில் நின்று நாற்று முடியைப் பிரித்தாள், நடவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வரப்பில் நின்றபடி சொன்னேன். கழுத்தில் ஒரு சுரப்பி என்றேன், அவள் சோம்பேறி இல்லை, நோயாளியாக இருந்தாள், நான்தான் தப்பாகச் சொன்னேன் என்றேன். 

அந்த மூத்த அக்கா குனிந்து நட்டுக்கொண்டே கேட்டார்.

"அவளுக்குக் கழுத்துல வியாதி, சரி. அன்னிக்கு உனக்கு என்ன வியாதி தம்பி?"

சட்டைப் பையில் அந்தக் காகிதம் இன்னும் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றேன். "டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டேன்."

என் மனைவி குனிந்து முதல் நாற்றை ஊன்றினாள்.