துண்டுக்கு வெளியே வந்த விலை

போன செவ்வாய்க்கிழமை. பந்தல்குடி ரோட்டோரம், ஒரு வேப்பமர நிழல். இருந்தவர்கள்: பருத்தி விற்க வந்த ரெட்டியபட்டி ராமசாமி. அவருடைய பங்காளிகள் இருவர். தரகர் சங்கிலி. சற்றுத் தள்ளி, தன் மாட்டு வண்டியோடு பரளச்சி ஞானம்மாள். அப்புறம் நான்.

நான் யுத்தத்துக்குப் போய் ஜமேதாராகத் திரும்பியவன். வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சு மில்லுக்குப் பருத்தி வாங்கிக் கொடுக்கிறேன். அது முதல் வாரம். சனிக்கிழமைக்குள் மில் கொடுத்த சரக்குக் கிட்டங்கியை நான் பருத்தியால் நிரப்ப வேண்டியிருந்தது. நிரப்பாவிட்டால்? வேறு ஆள் வருவான். எனக்கு வாசலில் வாட்ச்மேன் வேலை தருவதாக மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். பட்டாளத்து ஆபீசர் என்றால் எல்லோருக்கும் வாசல் காவல்தான் ஞாபகம் வருகிறது...

எங்கள் பக்கத்தில் பருத்திக்கு வாயால் விலை பேசுவதில்லை. தரகர் துண்டை எடுத்துக் கைமேல் போடுவார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடிப்பார். எந்த விரல், எத்தனை விரல் — அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

சங்கிலி முதலில் ராமசாமியின் விரலைப் பிடித்தார். பிறகு என் விரலை. விலை புரிந்தது. நியாயமான விலைதான். புரிந்ததும் என்ன செய்தேன்?

உரக்கச் சொல்லிவிட்டேன்.

பட்டாளத்தில் உத்தரவு வாங்கினால் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக வாங்கினானா என்று மேலே இருப்பவருக்குத் தெரிய வேண்டுமே. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். அது உடம்பில் ஊறிவிட்டது. வேப்பமரத்துக் காக்கை எழுந்து பறந்தது.

ராமசாமி கையை உதறினார்.

"ஏய்யா, இது என்ன பரேடா? என் பங்காளிக நிக்கிறாக. இனி வீட்டுக்குப் போறதுக்குள்ள பங்கு கேப்பாக!"

"கேக்காம?" என்றார் ஒரு பங்காளி.

சங்கிலி துண்டை உதறித் தோளில் போட்டார். "ஜமேதாரு, உங்க கூட யாவாரம் பேசுறதும் தண்டோரா போடுறதும் ஒண்ணுதான். இனி இந்தச் சுத்துல உங்களுக்கு எவன் பருத்தி போடுவான்? வாரேன்."

எல்லோரும் போய்விட்டார்கள். என் தராசும் நானும் மிச்சம். வாட்ச்மேன் வேலைக்குக் காக்கிச் சட்டை கொடுப்பார்களா, பழையதையே போட்டுக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

ஞானம்மாள் வண்டியை அருகே ஓட்டி வந்தார். புருஷனை இழந்து தனியாக வெள்ளாமை பார்ப்பவர்.

"அய்யா, இப்ப சத்தமாச் சொன்னீகளே... அந்த வெல எனக்கும் உண்டா?"

"உண்டு."

"நெசமாவா?"

"நெசம்தான். ஏன் கேக்குறீங்க?"

"உங்க துண்டுக்குள்ள பொம்பளைக நாங்க கைய விட முடியுமா? எங்க கொழுந்தனாருதான் போய் விரல் பிடிப்பாக. வந்து ஒரு வெல சொல்லுவாக. அதான் வெலன்னு வாங்கிக்கிடுவேன். இன்னைக்குத்தான் என் காதால கேட்டேன்."

சிரித்தார். நானும் சிரித்திருப்பேன். பழக்கம் இல்லை.

அவருடைய பருத்தியை நிறுத்து, சொன்ன விலையைக் கொடுத்தேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன். மறுநாள் பரளச்சிக்கே போனேன். வண்டிமேல் ஏறி நின்று விலையை உரக்கச் சொன்னேன். இந்தத் தடவை வாய் தவறி அல்ல. அடுத்த நாள் ரெட்டியபட்டி. சங்கிலி பின்னாலேயே சைக்கிளில் வந்து, "ஜமேதாரு இன்னும் லெஃப்ட் ரைட் போடுறாரு பாருங்க!" என்று பெண்களிடம் கேலி பேசினார். நல்லதாயிற்று. கேட்காதவர்களும் கேட்டார்கள்.

சிவில் வாழ்க்கைக்கு வந்தவன் பட்டாளத்தில் கற்றதையெல்லாம் மறக்க வேண்டும் என்கிறார்கள். எல்லாவற்றையுமா? குரலைக்கூடவா? நான் மறப்பதாக இல்லை.

சனிக்கிழமை பொழுது சாயும்போது கிட்டங்கிக் கதவைச் சாத்த முடியவில்லை, பருத்தி பிதுங்கியது. ராமசாமியின் மனைவிகூட வண்டி பூட்டி வந்திருந்தார். "அவுக துண்டு அவுகளோட இருக்கட்டும்" என்றார். வாட்ச்மேன் வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி மேனேஜரிடம் சொன்னேன். பிறகு வெளியே வந்து, பெண்கள் ஓட்டி வந்த வண்டிகளை மட்டும் எண்ணினேன்.

ஒன்பது.